சாவி யார் கையிலோ, சீட் அவர் அளவுக்கு

“சீட்டுல இன்னா இருக்குது? எல்லாம் ஓட்டுறவன் கைல இருக்குது.” ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் கார் ஓட்டுவதைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் கடைசியில் இந்த வாக்கியத்தில் வந்து நிற்கும். சொல்பவர் அம்பாசிடர் காலத்திலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வண்டி எடுத்தவராக இருப்பார். எதிரே இருப்பவர்கள் தலையாட்டிவிடுவார்கள். அந்த அனுபவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த வாக்கியத்தின் மேல் இல்லை. அது ஆளைக் கொல்லக்கூடிய தவறு என்று நினைக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தத் தோல் தொழில் வட்டாரத்தைக் குறிப்பாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இங்கே கம்பெனி கார் என்பது ஒரே ஆள் ஓட்டுகிற கார் கிடையாது. ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை தோல் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும் நெடுஞ்சாலையை ஒட்டியே வளர்ந்தவை. பையர் விமானத்தில் வந்து இறங்குகிறார், சாம்பிள் அவசரமாகப் போகிறது, வங்கிக்கும் ஏஜென்ட் ஆபீசுக்கும் ஆள் போக வேண்டியிருக்கிறது. பகலில் முதலாளி ஓட்டிய காரை மாலையில் மகன் எடுக்கிறார். நடுராத்திரியில் அதே காரை மீனம்பாக்கத்துக்கு ஆக்டிங் டிரைவர் எடுக்கிறார். மூன்று பேர், மூன்று உயரம். சீட் மட்டும் முதலாளி வைத்த இடத்திலேயே இருக்கிறது.

அந்த ஆக்டிங் டிரைவரைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். முதலாளி ஆறடி, இவர் ஐந்தடி மூன்று அங்குலம். “செட்டிங்கை மட்டும் கலைக்காத தம்பி, அப்புறம் எனக்கு இடுப்பு பிடிச்சுக்குது” என்று முதலாளி என்றோ ஒருநாள் சொல்லியிருக்கிறார். “சரி பாய்” என்று சொன்னவர் அன்றிலிருந்து அந்த நெம்புகோலைத் தொட்டதில்லை. சீட்டின் நுனிக்கு நகர்ந்து உட்காருகிறார். முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதில் துண்டை மடித்துச் சொருகிக்கொள்கிறார். கிளட்ச் முழுதாக இறங்க இடுப்பை இடப்பக்கம் சாய்க்க வேண்டியிருக்கிறது. பிரேக்கில் படுவது உள்ளங்கால் இல்லை, விரல் நுனி. கழற்றிய செருப்பு பெடலுக்கு ஒரு கை தூரத்தில் கிடக்கிறது. நடுக் கண்ணாடி உயரமான ஒருவரின் கண்ணுக்குத் திருப்பப்பட்டது, அதனால் இவருக்குப் பின்கண்ணாடியின் மேல் ஓரமும் காரின் கூரையும் தெரிகின்றன. வலப்பக்கக் கண்ணாடியில் தெருவிளக்குகளின் தலை மட்டும். இந்தக் கோலத்தில் ஆம்பூரிலிருந்து 180 கிலோமீட்டருக்கு மேல் போகிறார், லாரிகளுக்கு நடுவில், தூக்கம் கண்ணை அழுத்தும் நேரத்தில்.

இவருக்கு அனுபவம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அனுபவத்தால் கால் நீளுமா? பிரேக்கை முழு பலத்தோடு அழுத்த முதுகுக்குப் பின்னால் திடமான பிடிமானம் வேண்டும். அது இல்லாவிட்டால், காலால் பெடலைத் தள்ளும்போது உடம்புதான் பின்னால் போகும். 2019 ஏப்ரலுக்குப் பின் விற்கப்படும் எல்லாப் புதுக் கார்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டது. ஆபத்து நேரத்தில் பெடலை ஒரே மிதியாக மிதித்து, அது காலடியில் அதிர்ந்தாலும் விடாமல் அழுத்திப் பிடித்தால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும். விரல் நுனியால் அதைச் செய்ய முடியாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. காலை எட்டி நீட்டி பெடலைத் தேடுவதில் அரை நொடி போனால் 11 மீட்டர் போய்விட்டது. நம் ஊரிலிருந்து துறைமுகத்துக்குப் போகிற நாற்பதடி கண்டெய்னரின் நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அளவு என்றால் என்ன என்று உலகத்துக்கே சொல்லித் தரக்கூடிய ஊர் இது. ஒரு இங்கிலீஷ் ஷூ சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் உள்ள வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது எட்டரை மில்லிமீட்டர். அரை சைஸ் என்றால் நாலே கால். அந்த நாலே கால் மில்லிமீட்டருக்காகத் தனி லாஸ்ட் வைத்து, தனி அப்பர் வெட்டி, கன்வேயரில் தனியாக ஓட்டி, தவறிப்போனால் ஜோடியையே ஒதுக்கிவைக்கிற தொழிலாளிகள் இருக்கிற இடம். எட்டாம் நம்பர் காலை பத்தாம் நம்பர் ஷூவில் நுழைத்து “பழகினா சரியாயிடும்” என்று துத்திப்பட்டில் எந்த லைன் சூப்பர்வைசரும் சொல்லமாட்டார். காரில் மட்டும் ஒரு சாண் வித்தியாசத்தை எப்படிப் பொறுத்துக்கொள்கிறோம்?

பழைய டிரைவர்களின் வாதம் எங்கிருந்து வருகிறது என்பதும் புரியாமல் இல்லை. 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடரில் வெகுகாலம் முன்பக்கம் ஒரே பெஞ்ச் சீட். கியர் ஸ்டீயரிங் தண்டில் இருந்தது. ஸ்டீயரிங்கை ஏற்றி இறக்கும் வசதி கிடையாது, ஏர்பேக் கிடையாது. அதற்குப் பின் வந்த சின்னக் கார்களின் அடிப்படை மாடல்களில் பல வருஷம் இடப்பக்கக் கண்ணாடியே வராது. வேண்டுமென்றால் கடையில் வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். அந்த வண்டிகளை ஓட்டியவர்கள் தங்கள் உடம்பை வண்டிக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டார்கள். வேறு வழி இல்லாததால் அது அன்றைக்குத் திறமையாக இருந்தது. இன்றைக்கு வண்டி நமக்காக நகரும். நகரும் சீட்டை நகர்த்தாமல் பழையபடி உடம்பை வளைப்பதை இன்னமும் திறமை என்று சொல்லி, இளையவர்களுக்கும் அதையே கற்றுக்கொடுக்கிறோம்.

அடுத்த வாதம் கொஞ்சம் வலுவானது. “நீட்டிப் படுத்தாப்ல உட்கார்ந்தாத்தான் லாங்குக்கு முதுகு வலிக்காது” என்பார்கள். இதில் பாதி உண்மை. நெட்டுக்குத்தாக, தொண்ணூறு டிகிரியில் உட்கார்ந்தால் முதுகெலும்பின் மேல் பாரம் கூடும். கொஞ்சம் சாய்வு நல்லதுதான். ஆனால் நெடுஞ்சாலையில் நாம் பார்ப்பது கொஞ்சச் சாய்வு இல்லை. ஈசிசேரில் படுத்ததுபோல் கிடந்து, கையை முழுசாக நீட்டி, ஸ்டீயரிங்கின் உச்சியில் மணிக்கட்டைத் தொங்கவிட்டபடி ஓட்டுகிறார்கள். பவர் ஸ்டீயரிங் வந்த பிறகு ஒரு கை போதும் என்ற தைரியம் வேறு. அப்படி உட்கார்ந்தவருக்கு மோதலில் என்ன நடக்கிறது? சீட்பெல்ட்டின் இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் பதிந்திருக்க வேண்டும். உடல் படுத்த நிலையில் இருந்தால் இடுப்பு அந்தப் பட்டைக்கு அடியில் வழுக்கி முன்னால் போகிறது, பட்டை வயிற்றில் ஏறுகிறது. உயிரைக் காக்க வேண்டிய பெல்ட்டே குடலையும் முதுகுத்தண்டையும் கிழிக்கிற கயிறாகிவிடுகிறது. பெல்ட் போடாததற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் ஆயிரம் ரூபாய் அபராதம் உண்டு. போட்டும் பயனில்லாதபடி படுத்துக்கொண்டு ஓட்டுபவரை எந்த போலீஸும் நிறுத்துவதில்லை.

முதுகுவலிக்கான காரணமும் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. பின்புறம் சீட்டின் மூலையைத் தொடாமல் இடைவெளி விட்டு உட்காருவது, தொடைக்குக் கீழே தாங்கல் இல்லாமல் காலை நீட்டுவது, ஒருக்களித்து ஒரு முழங்கையை ஜன்னலில் ஊன்றுவது. இவற்றைச் சரிசெய்தால் வலி குறையும். சாய்மானத்தை இன்னும் பின்னால் தள்ளினால் தலையை முன்னுக்குத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், கழுத்து வலியும் சேர்ந்துகொள்ளும்.

“புது வண்டி அஞ்சு ஸ்டார், அடிச்சாலும் ஒண்ணும் ஆகாது” என்ற பேச்சும் இப்போது நிறையக் கேட்கிறது. கார்களை மோதவிட்டு ஸ்டார் கொடுக்கும் பாரத் என்கேப் சோதனை 2023 அக்டோபரில் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் அந்த நட்சத்திரங்கள் யாருக்குக் கிடைத்தவை என்று யோசிக்க வேண்டும். மணிக்கு 64 கிலோமீட்டரில் நடக்கும் முன்மோதல் சோதனையில் முன்சீட்டில் உட்காருவது சுமார் 175 சென்டிமீட்டர் உயரமும் 78 கிலோ எடையும் உள்ள ஆணின் அளவுப் பொம்மை. அதைக் குத்துமதிப்பாக உட்காரவைப்பதில்லை. சீட்டின் இடம், சாய்வின் கோணம், ஸ்டீயரிங்கின் உயரம், பெல்ட்டின் போக்கு எல்லாம் அளந்து வைத்த பிறகுதான் மோதவிடுகிறார்கள். அப்படி உட்காரும் உடம்புக்குக் கிடைத்த மதிப்பெண் அது. சீட் நுனியில் தொத்திக்கொண்டிருக்கிற நம் டிரைவருக்கோ, படுத்துக்கொண்டிருக்கிற இளைஞனுக்கோ யாரும் எந்த ஸ்டாரும் கொடுக்கவில்லை.

நம் நாட்டு ஆணின் சராசரி உயரமே அந்தப் பொம்மையைவிடப் பல சென்டிமீட்டர் குறைவு. பெண்களின் சராசரி 152 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. வேலூரில் கார் ஓட்டும் பெண்களை, சி.எம்.சி. டாக்டர்களும் காலேஜ் டீச்சர்களும் உட்பட, கவனித்தால் பலர் நேர் எதிர்த் தவறைச் செய்வது தெரியும். “பானட் முனை தெரியணும்” என்று சொல்லிக்கொடுத்த மாஸ்டரின் பேச்சை நம்பி, நெஞ்சு ஸ்டீயரிங்கில் ஒட்டும்படி உட்காருகிறார்கள். ஏர்பேக் விரிவது கண் இமைப்பதைவிட வேகம். அது வெடித்து வெளிவரும் முதல் இரண்டு மூன்று அங்குலத்தில்தான் அதன் வேகம் மிகக் கொடியது. அதனால் மார்பெலும்புக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் குறைந்தது 10 அங்குலம், 25 சென்டிமீட்டர், இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பரிந்துரை. குள்ளமானவர்கள் சீட்டை முன்னால் இழுக்கத்தான் வேண்டும், பெடல் எட்டியாக வேண்டும். அதே சமயம் சாய்மானத்தைச் சற்றுப் பின்னால் விட்டு, சீட்டை உயர்த்தி, ஸ்டீயரிங்கைக் கீழே சாய்த்து அதன் நடுப்பகுதி முகத்தைப் பார்க்காமல் மார்பைப் பார்க்கும்படி வைத்தால் அந்த 10 அங்குலம் கிடைத்துவிடும். பானட் முனை தெரிய உதவுவது சீட்டின் உயரம், நெருக்கம் இல்லை.

இங்கேதான் கார் வாங்குகிற நம்மையும் நான் குற்றம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஷோரூமில் சன்ரூஃப் இருக்கிறதா, திரை எத்தனை அங்குலம் என்று கேட்கிறோம். டிரைவர் சீட் ஏறி இறங்குமா, ஸ்டீயரிங் மேலும் கீழும் மட்டுமா அல்லது முன்னும் பின்னும் கூட நகருமா, பெல்ட்டின் மேல்முனை தோளுக்கு ஏற்ப இறங்குமா என்று கேட்பதில்லை. கார் கம்பெனிகளும் இவற்றை அடிப்படை வேரியன்ட்டில் எடுத்துவிட்டு மேல் வேரியன்ட்டில் சேர்க்கின்றன. அப்புறம் தோல் ஊர் என்பதற்காகவே கெட்டியான சீட் கவர் போடுகிறோம். சீட்டின் ஓரத்தில் பக்க ஏர்பேக் இருக்கிற காரில், அதற்கென்று தையல் விடாத கவரைப் போட்டால் அது விரிய வழியில்லாமல் போகலாம். பின்னால் உட்காரும் பெரியவருக்குக் கால் நீட்ட இடம் வேண்டும் என்று இடப்பக்க முன்சீட்டை டேஷ்போர்டு வரை தள்ளி, பார்வையை மறைக்கிறது என்று அதன் ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றி டிக்கியில் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சீட்டில் ஒருநாள் கம்பெனி அக்கவுன்டன்ட் உட்காருகிறார். பின்னாலிருந்து லாரி இடித்தால் அவர் தலை எங்கே போய் நிற்கும்? தலையின் பின்புறத்துக்கு நாலு விரல் அகலத்துக்குள், உச்சந்தலை உயரத்துக்கு ஹெட்ரெஸ்ட் இருந்தால்தான் அது கழுத்தைக் காக்கும்.

கண்ணாடிக்கு வருகிறேன். இதில் ஊர் முழுக்க ஒரே கருத்து: “பக்கக் கண்ணாடில நம்ம வண்டி பாதியாச்சும் தெரியணும்.” எதற்கு? நம் கதவு எங்கேயும் போய்விடாது. கண்ணாடியில் பாதியை நம் வண்டிக்கே கொடுத்துவிட்டால், பின்னால் பக்கவாட்டில் வரும் பைக்குக்கு இடம் இருக்காது. ஜார்ஜ் பிளாட்ஸர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1995இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதற்கு எளிய வழி சொன்னார். அதை நம் வலப்பக்க ஸ்டீயரிங்குக்கு மாற்றினால் இப்படி வரும். தலையை வலது ஜன்னலை ஒட்டிச் சாய்த்து, நம் வண்டியின் ஓரம் அப்போதுதான் தெரிகிற அளவுக்கு வலக் கண்ணாடியை வெளியே திருப்ப வேண்டும். பிறகு தலையைக் காரின் நடுவுக்குக் கொண்டுவந்து, அதேபோல் இடக் கண்ணாடியைத் திருப்ப வேண்டும். நேராக உட்கார்ந்ததும் நம் வண்டி கண்ணாடியில் தெரியாது. ஆனால் பின்னால் வரும் வண்டி நடுக் கண்ணாடியை விட்டு மறையும்போது பக்கக் கண்ணாடியில் வந்துவிடும். அதை விட்டு மறையும்போது கண்ணோரத்திலேயே தெரியும்.

பிளாட்ஸர் முறையை எல்லா இடத்துக்கும் அப்படியே எடுக்கச் சொல்லவில்லை. ஆம்பூர் பஜாரில் வண்டியை ஒட்டி உரசிக்கொண்டு வரும் ஸ்கூட்டிகளின் தூரத்தைக் கணிக்க, நம் வண்டியின் ஓரம் ஒரு கீற்று தெரிவது உதவும். ஒரு கீற்று போதும், பாதி வேண்டாம். நெடுஞ்சாலையில் முழுதாக வெளியே திருப்ப வேண்டும். குடும்பத்தோடு போகும் பைக் சர்வீஸ் ரோட்டிலிருந்து இடப்பக்கமாக ஏறி வரும் சாலை அது, பள்ளிகொண்டாவிலும் மாதனூரிலும் தினமும் நடப்பது. ஆனால் நம் கார்களில் அதிகம் மடக்கப்பட்டுக் கிடப்பது இடக் கண்ணாடிதான். சந்தில் நுழைய மடக்கியதை நெடுஞ்சாலையில் ஏறிய பிறகும் விரிக்காமல் ஓட்டுபவர்களை வேலூர் கிரீன் சர்க்கிளில் பத்து நிமிடம் நின்றாலே பார்க்கலாம்.

ஸ்டீயரிங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தோள் சாய்மானத்தை விட்டு எழாமல், கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். ஓட்டும்போது கைகள் கடிகாரத்தின் ஒன்பதிலும் மூன்றிலும் இருக்க வேண்டும். பழைய பத்து, இரண்டு பிடியில் ஏர்பேக் விரிந்தால் கையை முகத்தின் மேலேயே அடிக்கும். பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா ஏறும் மலைப்பாதையில் சந்தேகம் உள்ளவர்கள் சோதித்துப் பார்க்கலாம். தூரத்தில் உட்கார்ந்து ஓட்டுபவர் கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்ப, முதுகை சீட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு முன்னால் வருவார். வண்டி வளையும் அந்தக் கணத்தில் அவரைத் தாங்க எதுவும் இருக்காது.

இதெல்லாம் டிரைவிங் ஸ்கூலில் சொல்லித் தர வேண்டியவை. அங்கே நடப்பதென்ன? முதல் நாளே மாஸ்டர் நடுக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறார், பின்னால் வருவதை அவர் பார்க்க. கற்றுக்கொள்பவர் கடைசி நாள் வரை பின்கண்ணாடி என்பது தனக்கானது என்றே அறியாமல் லைசென்ஸ் வாங்குகிறார். 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15வது விதி, ஓட்டுநர் தேர்வில் என்னென்ன செய்துகாட்ட வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலின் முதல் வரியே பின்னோக்குக் கண்ணாடியைச் சரிசெய்வதுதான். வண்டி கிளப்புவது, கியர் மாற்றுவது, வளைப்பது எல்லாம் அதற்குப் பிறகு. அந்த முதல் வரியைத் தேர்வு மைதானத்தில் கேட்கச் சொல்லிப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. இன்ஸ்பெக்டர் வாய் திறந்து கேட்டால் போதும், ஸ்கூல்கள் அடுத்த வாரமே சொல்லித் தரத் தொடங்கிவிடும்.

“இத்தனை வருஷமா இப்படித்தான் ஓட்டுறோம், ஒண்ணும் ஆகலையே” என்பது இன்னொரு பதில். இந்த வட்டாரத்தில் அதைக் கேட்கும்போது எனக்குப் பாலாறு ஞாபகம் வருகிறது. தோல் கழிவு நீர் ஆற்றில் போனபோதும் இதையேதான் சொன்னார்கள். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. கேடு முழுதாக நிரூபணமாகும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தில் சேர்ந்தது என்று சொன்ன தீர்ப்பு அது. ஒண்ணும் ஆகலையே என்று இருந்ததற்குக் கொடுத்த விலை இங்குள்ள கிணறுகளும் வயல்களும். விபத்து நடந்த பிறகுதான் சீட்டைப் பற்றி யோசிப்போம் என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்லவே கூடாது.

மிச்சமிருப்பது முதலாளியின் முறையீடு. “என் செட்டிங் போயிடுமே, மறுபடி வைக்கிறது பெரிய தலைவலி.” அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, தன் உடம்புக்குச் சரியான இடத்தை அவர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். அதே உரிமை டிரைவருக்கும் உண்டு என்பதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். வண்டி நிற்கும்போது செய்கிற வேலை இது. ஓடும் வண்டியில் சீட்டின் கொக்கியை விடுவிக்கவே கூடாது. பின்புறம் மூலையைத் தொட உட்கார்ந்து, கிளட்சையும் பிரேக்கையும் தரைவரை அழுத்தினாலும் முழங்கால் லேசாக மடிந்திருக்கும்படி சீட்டை நகர்த்தி, பிறகு உயரம், சாய்வு, ஸ்டீயரிங், பெல்ட். கண் எங்கே நிற்கும் என்பது முடிவான பிறகு கடைசியாகக் கண்ணாடிகள். பழகியவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. முதலாளி தன் இடத்துக்குத் திரும்ப வழியும் கம்பெனியிலேயே இருக்கிறது. தோலில் குறி போடுகிற சில்வர் பேனாவால் சீட் நகரும் தண்டவாளத்தில் ஒரு கோடு, சாய்மானத்தின் அடியில் ஒரு கோடு. டிரைவருக்கு அதற்குப் பக்கத்தில் இன்னொரு கோடு.